மானுக்கு எத்தனை அடி வேலி?

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை நீளும் சுமார் 18 கிலோமீட்டர் சாலையில் ஓய்வில்லாமல் நடக்கும் தொழில் வேலி போடுவது. கொளப்பாக்கம், இரத்தினமங்கலம், கண்டிகை, மேலக்கோட்டையூர், மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று எந்த ஊரில் பார்த்தாலும், மனை வாங்கியவர் வீடு கட்டுகிறாரோ இல்லையோ, முதலில் எல்லையை வளைத்துவிடுகிறார். கையிருப்புக்கு ஏற்றபடி கல்தூண் நட்டு நாலு வரி முள்கம்பி, அல்லது ஐந்தடி செயின் லிங்க் வலை, அல்லது சிமெண்ட் பலகைகளை அடுக்கி ஓரிரு நாளில் எழுப்பும் ரெடிமேட் காம்பவுண்டு. சாலையின் மேற்கு முனையில் 602 ஹெக்டேர் பரப்புள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் அதை ஒட்டிய காப்புக் காடும். கிழக்கு முனையில் கோவளம் கழிமுகமும் உப்பளங்களும்.

இந்தப் பக்கத்தில் பண்ணை வீடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை வருவதுண்டு. நாலு புள்ளிமான் விட்டு வளர்த்தால் என்ன? அதற்கு எத்தனை அடி வேலி வேண்டும்? முயல் வளர்க்கிறார்கள், வாத்து வளர்க்கிறார்கள், 2012-இல் பெருந்துறைப் பக்கம் தொழிலே சரிந்து விழும்வரை ஈமு கோழியும் வளர்த்தார்கள். மான் மட்டும் ஏன் கூடாது?

பதில் ஒரே வரிதான். எத்தனை அடி போட்டாலும் கூடாது. ஆனால் அந்த ஒரு வரிப் பதிலோடு நாம் நிறுத்திக்கொண்டதில்தான் சிக்கல் இருக்கிறது. மான் பண்ணையே இல்லை என்று முடிவாகிவிட்டதால், மானைச் சுற்றி நிற்கும் வேலி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டிய தேவையும் இல்லை என்று விட்டுவிட்டோம். மானோ வேலிக்குள்தான் இருக்கிறது. தென்சென்னையில் நாம் பார்க்கும் மான்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு சுவருக்கோ கம்பிக்கோ உள்ளே பிறந்து, அங்கேயே செத்துப்போகிற மான்கள். அவற்றின் வேலிக்கு விதி எது, யார் பொறுப்பு என்று தேடிப் பார்த்தால், துண்டு துண்டாகச் சில விதிகள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட மானின் பக்கம் நின்று எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பதைக் கொல்வதோடு நிறுத்தவில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, வலையில் ஓட்டுவது எல்லாமே வேட்டைதான். அடிபட்ட மான்குட்டியை இரக்கப்பட்டு வீட்டில் கட்டி வளர்ப்பவரும் இந்த வளையத்துக்குள் வந்துவிடுவார். சட்டத்தின் 39-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சட்டத்துக்கு மாறாக வேட்டையாடப்பட்ட, அடைத்து வைக்கப்பட்ட, அடைப்பிலேயே பிறந்த காட்டு விலங்கு அரசின் சொத்து. ஆகவே பண்ணையில் பிறந்த குட்டி என்ற வாதம் நிற்காது. பழைய காலத்திலிருந்து வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்டிக்கொள்ள 2003-இல் 180 நாள் அவகாசம் தந்தார்கள். அந்தக் கதவும் மூடிவிட்டது.

2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் புதிய அட்டவணைகள் நடைமுறைக்கு வந்தன. முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்த புள்ளிமான் இப்போது இரண்டாம் அட்டவணையில். வெளிமான் எப்போதும்போல் முதல் அட்டவணையில். பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கென்றால் தண்டனை இன்னும் கடுமை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சட்டத்தின் பார்வையில் வேலி எதையும் மாற்றுவதில்லை. வேலிக்கு உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் மான் காட்டு விலங்குதான். வெளிநாடுகளில் நிலைமை இதற்கு நேர் எதிர்.

வேலி போட்டால் மாடு, போடாவிட்டால் மான்

இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம், வேட்டை கூடாத பருவம் ஒன்றை வகுத்திருக்கிறது. மான் தாண்ட முடியாத தடுப்பு சூழ்ந்த நிலத்தில், இறைச்சிக்காகத் தொழில்முறையில் வளர்க்கப்பட்டு, அடையாளம் இடப்பட்ட மானுக்கு அந்தப் பருவத் தடையிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. அதாவது அங்கே வேலி ஒரு சட்ட ஆவணத்தின் வேலையைச் செய்கிறது. வேலி சரியாக இருந்தால் அது கால்நடை. வேலி சரியில்லை என்றால் அது காட்டு மான். இப்படிப்பட்ட இடத்தில் வேலியின் உயரம், கண்ணியளவு, வாயிற்கதவின் பூட்டு எல்லாம் அரசு கவனிக்கும் விஷயமாகிவிடுவதில் வியப்பில்லை.

நியூசிலாந்தின் கதை இன்னும் சுவையானது. வேட்டை விளையாட்டுக்காக 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட செம்மான்கள் அங்கே மலைச்சரிவுகளைத் தின்று தீர்த்தன. 1930-களில் அரசே ஆள் வைத்துச் சுட்டது. 1969-இல் மான் பண்ணைக்குச் சட்டம் அனுமதி தந்ததும், சுடப் பறந்த ஹெலிகாப்டர்களே மான்களை உயிரோடு பிடித்து வந்து பண்ணைகளில் இறக்கின. நேற்றுவரை பூச்சிபுழு போல ஒழிக்க வேண்டிய விலங்கு, சுமார் இரண்டு மீட்டர் கம்பிவலைக்குள் வந்தவுடன் ஏற்றுமதிச் சரக்காயிற்று. தப்பினால் மறுபடியும் ஒழிக்க வேண்டிய விலங்கு. அதனால்தான் அங்கே வேலி விதிகளை அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் விதிகளை இறுக்கியது ஒரு நோய். 1967-இல் கொலராடோவில் ஓர் ஆய்வு வளாகத்தில் அடைத்து வைத்திருந்த மான்கள் மெலிந்து மெலிந்து செத்தன. நாட்பட்ட மெலிவு நோய் என்று பின்னால் பெயர் பெற்ற அது, கிருமியால் அல்ல, உருமாறிய புரதத்தால் பரவுவது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மருந்தில்லை. கனடாவிலிருந்து இறக்குமதியான எல்க் மான்களோடு தென்கொரியாவுக்குப் போயிற்று. 2016-இல் நார்வேயின் பனிமான்களிடம் தென்பட்டது. வேலியின் இருபுறமும் நின்று மான்கள் மூக்கோடு மூக்கு உரசினாலே பரவக்கூடும் என்பதால், நோயற்ற மந்தை என்று சான்று வாங்கும் பண்ணைக்கு எட்டடிச் சுற்றுவேலி வேண்டும் என்று மத்திய வேளாண் துறையின் நெறிமுறை சொல்கிறது. சில இடங்களில் வேலிக்கு வெளியே இன்னொரு வேலி, நடுவில் இடைவெளி. இந்தியாவில் இந்த நோய் இதுவரை பதிவாகவில்லை.

இந்த உலகச் சுற்றில் நமக்கு நெருக்கமான பயணி ஒருவர் உண்டு, நம் புள்ளிமான். 1860-களில் ஹவாய் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாகப் போனது. 1886-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு. 1932-இல் டெக்சாஸுக்கு. போன இடமெல்லாம் வேலியை மீறிப் பரவியது. டெக்சாஸில் இன்று அது ‘அயல்நாட்டுக் கால்நடை’. பண்ணைக்காரர் விரும்பினால் வளர்க்கலாம், விற்கலாம், பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடலாம். பிறந்த மண்ணில் தொட்டால் சிறை. ஹவாயின் மவுய் தீவில் மேய்ச்சல் நிலத்தையும் பயிரையும் காப்பாற்ற மைல் கணக்கில் வேலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் அந்தமானிலேயே ஆங்கிலேயர் வேட்டைக்காகக் கொண்டுவிட்ட புள்ளிமான்கள், புலியும் சிறுத்தையும் இல்லாத தீவுகளில் பெருகி, கடலை நீந்திக் கடந்து, இளங்கன்றுகள் முளைக்க விடாமல் காட்டை மொட்டையாக்கி வருகின்றன. மான் பண்ணையைத் தடை செய்த நம் சட்டம் தவறு என்று வாதிடுகிறவர்கள் அந்தமானை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். தடை சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. என் குறை அதற்கு அடுத்த வரி எழுதப்படவில்லை என்பது.

இரண்டு மீட்டர் சுவரும் ஒரு விலக்கும்

இந்தியாவில் மானைச் சுற்றிய வேலிக்கு அளவு சொல்லும் விதி ஒன்று உண்டென்றால் அது மிருகக்காட்சிசாலைகளுக்கானது. 1991-இல் சட்டத்தில் புதிய அத்தியாயம் சேர்ந்து, 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. 2009-ஆம் ஆண்டின் அங்கீகார விதிகளின்படி ஒவ்வொரு பூங்காவுக்கும் தரையிலிருந்து இரண்டு மீட்டராவது உயரமுள்ள சுற்றுச்சுவர் வேண்டும். உடனே ஒரு விலக்கும் வருகிறது: சஃபாரி, மான் பூங்கா போன்றவை ‘பொருத்தமான வடிவமும் அளவும்’ உள்ள செயின் லிங்க் வேலியோடு இருந்துகொள்ளலாம். எது பொருத்தம்? அதை அந்தந்தப் பூங்காவே தீர்மானிக்கும். சிங்கத்துக்குச் சுவரின் அளவு சென்டிமீட்டர் சுத்தமாக யோசிக்கப்படுகிறது. மான் யாரையும் கடிக்காது. எனவே அதன் வேலியைப் பற்றிப் பார்வையாளருக்கு அச்சமில்லை, விதி எழுதுகிறவருக்கும் அவசரமில்லை.

வேலி நன்றாக இருந்தாலும் வேறொரு தொல்லை உண்டு. புள்ளிமானின் சினைக்காலம் ஏழரை மாதம்தான். பருவம் பார்க்காமல் ஆண்டு முழுவதும் குட்டி போடும். வேட்டையாடும் விலங்கில்லாத வேலிக்குள் கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு டெல்லி ஹௌஸ் காஸ் மான் பூங்கா சாட்சி. 1960-களில் ஆறு மான்களோடு தொடங்கியது ஏறத்தாழ அறுநூறாகப் பெருகியது. 2023-இல் ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. மான்களை ராஜஸ்தான் காடுகளுக்கு அனுப்பத் தொடங்கியதும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கோவை வ.உ.சி. பூங்காவின் அங்கீகாரம் 2022-இல் போனது. அங்கிருந்த மான்களைப் பின்னர் சிறுவாணி அடிவாரத்தில் விட்டார்கள். வேலிக்குள் இருந்த மானைக் காட்டில் விடுவது படிக்க இனிமையான செய்தி. ஆனால் சிறுத்தை என்றால் என்னவென்றே அறியாத, தீவனத் தொட்டியில் வாய் வைத்து வளர்ந்த, காசநோய்ச் சோதனை முடிந்துதான் வெளியே விட முடிகிற விலங்கு அது. ஒரு வேலியைத் தொடங்கும்போதே அதற்குள் எத்தனை மான் என்ற எண்ணையும் எழுதிவைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

வண்டலூருக்குத் திரும்புவோம். 1855-இல் எட்வர்டு பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, 1985-இல் இங்கே குடிபெயர்ந்தது. இரண்டு மீட்டர் விதி காகிதத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைச் சோதிக்க 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சுற்றுச்சுவர் பல இடங்களில் உடைந்தது. வடகிழக்குப் பருவமழை நாட்டில் வேலியின் எதிரி மான் அல்ல. மரமும் தண்ணீரும்தான். நம் விதிகளில் உயரம் இருக்கிறது. புயல் முடிந்த எத்தனை மணி நேரத்துக்குள் யார் சுற்றிப் பார்த்து எங்கே அடைக்க வேண்டும் என்பது இல்லை.

மிருகக்காட்சிசாலை அல்லாத மான்காடுகள்

பொதுமக்கள் பார்வைக்காக விலங்குகளை அடைத்து வைத்தால்தான் அது மிருகக்காட்சிசாலை. அப்படியானால் கிண்டி? ஐ.ஐ.டி.? ஆளுநர் மாளிகை? தாம்பரம் கிறித்தவக் கல்லூரி?

ஒரு காலத்தில் கிண்டியில் 505 ஹெக்டேர் காடு ஒரே பரப்பாக இருந்தது. 1950-களில் தொடங்கி அது துண்டானது. தலைவர்களின் நினைவிடங்கள் வந்தன. 1959-இல் ஐ.ஐ.டி. வந்து ஒரு பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. 1978-இல் மிஞ்சியதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது 270 ஹெக்டேர்தான் இருந்தது, அதாவது 2.7 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒவ்வொரு பிரிவினையின்போதும் ஒரு சுவர் எழுந்தது. அந்தச் சுவர்கள் சொத்தின் எல்லையைக் காட்ட எழுந்தவை. ஒரே மந்தையின் நடுவே போகின்றன என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வெளிமான் திறந்த புல்வெளியில் ஓடும் விலங்கு. அது சுவர் கண்டால் திரும்பிவிடும். புள்ளிமான் அப்படியில்லை, ஓட்டையைத் தேடும். எனவே ஒரே சுவர் ஓர் இனத்தைத் தனிமைப்படுத்துகிறது, இன்னோர் இனத்தை வேளச்சேரிச் சாலைக்கு அனுப்புகிறது.

தாம்பரத்தில் 1937-இல் குடியேறிய கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகம், புதர்க்காடு எப்படி இருக்கும் என்பதைத் தென்புறநகருக்கு இன்றும் காட்டுகிற இடங்களில் ஒன்று. அங்கும் புள்ளிமான் உண்டு. இவை எதுவும் பூங்கா ஆணையத்தின் கீழ் வராது. தேசியப் பூங்கா தவிர மற்றவற்றுக்கு வனத்துறையின் நேரடி நிர்வாகமும் இல்லை. மான் செத்தால் வனத்துறை வரும், உடற்கூறு ஆய்வு நடக்கும். அந்த மான் செத்த இடத்துக்கு இருபதடி தள்ளியிருக்கும் சுவரின் ஓட்டை பொதுப்பணியோ எஸ்டேட் பிரிவோ பார்க்க வேண்டிய விஷயம்.

இந்த வளாகங்களில் மானைக் கொல்வது எது? வாகனமும் வயிற்றில் சேரும் பிளாஸ்டிக்கும் போக, முதன்மையான காரணம் நாய். இங்கேதான் வேலியைப் பற்றிய நம் எண்ணம் தலைகீழாக வேண்டியிருக்கிறது. பண்ணை நாடுகளில் வேலியின் வேலை மானை வெளியே விடாமல் வைத்திருப்பது. அதனால் அவர்கள் மேலே பார்க்கிறார்கள், எட்டடி, இரண்டு மீட்டர். நம் வளாகங்களில் வேலியின் முதல் வேலை நாயை உள்ளே விடாமல் இருப்பது. நாய் ஆறடி தாண்டி வராது. மழைநீர்க் கால்வாய் வழியாக, கேட்டின் அடியில் உள்ள ஒரு சாண் சந்து வழியாக, மண் அரித்த சுவரடியில் தோண்டிய பள்ளம் வழியாக வரும். நம் விதிகள், இருக்கிற கொஞ்சமும், தப்பான முனையை அளக்கின்றன.

2023-இன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்துக் கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். 2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்றவற்றுக்கு இதை மாற்றியது. அங்கே பிடித்த நாயை அங்கேயே விடக்கூடாது என்றதோடு, நாய் நுழையாதபடி வேலியும் சுவரும் கேட்டும் அமைக்கச் சொன்னது. மனிதருக்காகப் பிறந்த உத்தரவு. ஆனால் மான் வாழும் கல்வி வளாகங்களுக்கு நாயைத் தடுக்கும் வேலி என்பது சட்டக் கடமையானது இப்படி, பக்கவாட்டில் வந்த ஒரு வழியால்தான். இதைப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் நாம் அசடுகள். கூடவே ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: நாய்க்காக அவசரமாக எழுப்பும் சுவரில் மான் மாட்டிக்கொள்ளாமலிருக்க வேண்டும்.

நல்ல மான்வேலி எப்படி இருக்கும்

கேளம்பாக்கம் கடைகளில் வேலிச் சாமான் கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது முள்கம்பிச் சுருள். மானுக்கு அதைவிடக் கெட்ட வேலி கிடையாது. மான் கம்பியைப் பார்த்து நிதானமாகத் தாண்டுவதில்லை. இரவில், நாய் துரத்த, ஓட்டத்தில் வந்து மோதும். முள்கம்பி வயிற்றைக் கிழிக்கும். இரண்டு வரிக்கு நடுவில் பின்னங்கால் மாட்டிக்கொண்டால் அங்கேயே தொங்கும். ஆண்மானின் கொம்பு தளர்ந்து கிடக்கும் கம்பியில் சுற்றிக்கொள்ளும். தப்பினாலும், பயத்திலும் திமிறலிலும் தசை சிதைந்து ஓரிரு நாள் கழித்துச் சாகும் மான்கள் உண்டு. கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த நோய் அது.

மான் பண்ணை நாடுகள் அரை நூற்றாண்டில் கற்றதை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் பயன்படுத்தும் வலையில் கீழே கண்ணி சிறிது, மேலே போகப் போகப் பெரிது. குட்டி நுழையாது, நாய் நுழையாது, கம்பிச் செலவும் குறைவு. மூலைகளை 90 பாகையில் கூர்மையாக முடிக்க மாட்டார்கள். மிரண்ட மந்தை மூலைக்குள் ஓடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்கும் என்பதால் அகலமான வளைவாகத் திருப்புவார்கள். வேலியை ஓடை கடக்கும் இடத்தில், வெள்ளம் வந்தால் மேலே தூக்கி வழிவிட்டு, வடிந்ததும் தானே தொங்கி மூடிக்கொள்ளும் தொங்குகதவு. நாய் தோண்டாமல் இருக்க, வலையின் அடியை வெளிப்புறமாக ‘எல்’ வடிவில் மடித்து மண்ணுக்குள் புதைப்பது. அமெரிக்க நெடுஞ்சாலை ஓரங்களில், சாலைப்பக்கம் வந்து மாட்டிக்கொண்ட மான் திரும்ப உள்ளே குதிக்க மண்மேடு கட்டியிருக்கிறார்கள். சாலைப்பக்கம் சரிவாக ஏறும், காட்டுப்பக்கம் செங்குத்தாக இறங்கும். உள்ளே போகலாம், வெளியே வர முடியாது.

கடைசியாகச் சொன்ன இது நம்மிடம் அறவே இல்லாத யோசனை. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் 2013-இல் 288 ஹெக்டேர் சிறுகாடு புள்ளிமான் சரணாலயமானது. பக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டை, தேசிய நெடுஞ்சாலை. இப்படிப்பட்ட இடத்தில் வேலி போட்டால் மான் சாலைக்கு வராது என்பது பாதி உண்மை. எப்படியோ வந்துவிட்ட மான் வேலியால் திரும்பிப் போக முடியாமல் சாலையிலேயே ஓடும் என்பது மீதிப் பாதி.

மின்வேலி விதிகள்

தமிழ்நாட்டில் வேலி என்ற ஒன்றுக்காகவே எழுதப்பட்ட முழு விதித்தொகுப்பு 2023-இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்து அங்கேயே சுற்றி நின்றன. அதே ஆண்டில் தமிழ்நாடு மின்வேலிகள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) விதிகள் அறிவிக்கப்பட்டன. காப்புக் காட்டை ஒட்டி, வரையறுத்த தொலைவுக்குள் ஏற்கெனவே உள்ள மின்வேலியைப் பதிய வேண்டும். புதிதாகப் போட மாவட்ட வன அலுவலரின் முன் அனுமதி வேண்டும். கருவி இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுக்கு உட்பட வேண்டும்.

சோலார் வேலி என்று நாம் சொல்லும் முறையான கருவி, தொடர்ந்து மின்சாரம் விடுவதில்லை. நொடிக்கு ஒருமுறைக்கு மிகாமல், கண நேரத் துடிப்பாக விடும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் ஒரு துடிப்பின் ஆற்றலுக்கு உச்சவரம்பு உண்டு. சுரீர் என்று அடிக்கும், பிடித்து வைத்துக்கொள்ளாது. கொல்வது இதுவல்ல. வீட்டு இணைப்பிலிருந்தோ கம்பத்தில் கொக்கி போட்டோ நேரே கம்பிக்குக் கொடுக்கும் 230 வோல்ட் மின்சாரம். மின்திருட்டுக்கு 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை இருந்தும் இது நிற்கவில்லை.

இந்த விதிகளை நான் வரவேற்கிறேன்; ஆனால் அவை யானையை மனத்தில் வைத்து எழுதியவை. யானையின் நெஞ்சளவில் ஓடும் கம்பியில் மான் படுவதில்லை. தரையிலிருந்து ஒன்றரை அடியில் காட்டுப்பன்றிக்கென்று இழுக்கும் கீழ்க்கம்பிதான் மான்குட்டிக்கும் உடும்புக்கும் ஆபத்து. முறையான துடிப்புகூட, உடலோடு ஒட்டிக்கிடக்கும் சிற்றுயிரைத் திரும்பத் திரும்ப அடித்துக் கொல்லும். அதோடு, கருவி விற்றவரே தரச்சான்றும் எழுதிக்கொடுக்கும் நிலை வந்தால் வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்றாகிவிடும். மேற்கு மாவட்டங்களின் மலையடிவாரத்துக்காக யோசித்த இந்த விதி வண்டலூர் காப்புக் காட்டின் ஓரத்துக்கும் பொருந்தும் என்பது கொளப்பாக்கம் பக்கம் பண்ணை வீடு வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பது ஐயமே.

எழுதப்படாத வேலி

ஆக மூன்று விதிகள். பூங்காவின் சுவர், நாய் நுழையாத சுவர், மின்வேலி. இவை எதிலும் அடங்காதது வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் தினமும் எழும் சாதாரண காம்பவுண்டு. கட்டட விதிகள் அதை மனையின் ஒரு பகுதியாகப் பார்க்கின்றன. காட்டின் விளிம்பில் நிற்கும் தடுப்பாகப் பார்ப்பதில்லை. 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் இந்தப் பகுதியின் போக்குவரத்தும் மனை விலையும் எப்படி ஏறின என்று சொல்லத் தேவையில்லை. காப்புக் காட்டை ஒட்டிய மனைப்பிரிவுகளில் வரிசையாகச் சுவர் எழும்போது, இடையில் விடுபட்ட காலி மனைகள் குழாய்போல் ஆகின்றன. ஏரிக்குத் தண்ணீர் தேடி வரும் மான் அந்தக் குழாய் வழியாகத்தான் இறங்கும், அது முடியும் இடம் பெரும்பாலும் தார்ச்சாலை.

எல்லாவற்றையும் சுவர் போட்டு மூடிவிடலாம் என்பாரும் உண்டு, எந்த வேலியும் கூடாது என்பாரும் உண்டு. முதல் தரப்பார் கிண்டியைப் பார்க்கட்டும்; மூன்று பக்கம் சுவர் போட்ட காட்டில் இரத்த உறவுக்குள்ளேயே இனம் பெருகும் மந்தையை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. இரண்டாம் தரப்பார் நாயைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்குத் தோன்றுவது, இந்தப் புறநகரில் வேலி தவிர்க்க முடியாதது. எங்கே வேலி, எங்கே வழி என்று முன்கூட்டியே வரைந்துகொள்வதுதான் செய்யக்கூடியது.

அதற்கு நேரமும் இதுதான். வண்டலூர் பழைய சென்னைப் பெருநகர எல்லைக்குள் இருந்தது, கேளம்பாக்கம் வெளியே. 2022-இல் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபின் சாலையின் இரு முனையும் ஒரே திட்டக்குழுமத்தின் கீழ் வந்திருக்கின்றன. காப்புக் காட்டை ஒட்டிய மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது நாலு நிபந்தனை சேர்ப்பது பெரிய வேலையல்ல. காட்டுப்பக்க எல்லையில் முள்கம்பி கூடாது. வலையானால் அடி புதைக்கப்பட வேண்டும், கால்வாய்த் திறப்புக்குக் கம்பிக்கதவு வேண்டும். பூங்காவுக்கென்று சட்டப்படி ஒதுக்கும் திறந்தவெளி நிலத்தை மனைப்பிரிவின் நடுவில் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடைக்காமல், காட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் வரும்படி வைக்கலாம். மான் உள்ள கல்வி வளாகங்கள் ஆண்டுக்கு இருமுறை, அக்டோபர் மழைக்கு முன்னும் ஜனவரியிலும், சுற்றுவேலியை வனத்துறையோடு சேர்ந்து நடந்து பார்த்து ஓட்டைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பேடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்க வேண்டும். மனை விற்பவர்கள் முதல் நிபந்தனைக்கு எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள், செயின் லிங்க் போட்ட மனை விளம்பரத்தில் நன்றாகத் தெரியும். சண்டை வரப்போவது திறந்தவெளி நிலத்தை எங்கே வைப்பது என்பதில்தான், ஏனென்றால் காட்டைப் பார்த்த மனைக்குத்தான் இங்கே விலை அதிகம்.